படலையைத் திறந்துவிட்டால் அது யாருடைய நாய்?

வாசகர் ஒருவரின் கேள்வி, செப்டெம்பர் 2

எங்கள் ஒழுங்கையில் எட்டு நாய் திரிகிறது. பின்னேரம் டியூசன் விட்டு வரும் பிள்ளைகள் சைக்கிளை ஓடாமல் உருட்டிக்கொண்டுதான் வருகிறார்கள். பிரதேச சபைக்குப் போய்ச் சொன்னேன். "இப்ப நாய் பிடிக்கிறதில்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கட்டாக்காலி மாட்டைப் பிடித்துத் தண்டம் வாங்கத் தெரிந்தவர்களுக்கு நாயைப் பிடிக்க ஏன் முடியாது? நாய்க்கென்று இந்த நாட்டில் சட்டம் ஏதும் இருக்கிறதா, இல்லையா?

செப்டெம்பர் 2, இரவு

இருக்கிறது. ஒன்றல்ல, மூன்று. மூன்றும் வெள்ளைக்காரன் காலத்தவை. 1893ஆம் ஆண்டின் விசர்நாய்க்கடிக் கட்டளைச் சட்டம், 1901ஆம் ஆண்டின் நாய்ப் பதிவுக் கட்டளைச் சட்டம், 1907ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம். விசர் பிடித்த நாயையும் ஆளில்லாமல் வீதியில் திரிகிற நாயையும் அதிகாரிகள் என்ன செய்யலாம் என்பது முதலாவதில் இருக்கிறது. நாய் வளர்ப்பவர் தன் பகுதிச் சபையில் ஆண்டுதோறும் நாயைப் பதிய வேண்டும் என்பது இரண்டாவது. மூன்றாவதில் வதைக்கான தண்டம் ஆகக்கூடியது 100 ரூபாய். இன்றைக்கு அந்தக் காசுக்கு ஒரு இறாத்தல் பாண் வராது.

முன்பு சபைகள் நாயைப் பிடித்துக் கொன்றன. 2006இல் அரசாங்கம் கட்டாக்காலி நாய்களைக் கொல்வதில்லை என்ற கொள்கைக்கு வந்தது. அதற்குப் பிறகு தடுப்பூசியும் கருத்தடையும்தான் வழி. சபையில் உங்களுக்குச் சொன்ன பதிலுக்குக் காரணம் அதுதான். ஆனால் "பிடிக்கிறதில்லை" என்று சொல்லி ஆளை அனுப்பிவிடுவது பதில் ஆகாது. பதிவுப் புத்தகம் எங்கே என்று கேட்டிருக்க வேண்டும்.

மாட்டுக்கும் நாய்க்கும் வித்தியாசம் இதுதான்: மாட்டைப் பிடித்துக் கட்டினால் பொழுதுபடுமுன் சொந்தக்காரர் காசோடு வந்து நிற்பார். நாயைப் பிடித்தால் ஒருவரும் வரமாட்டார்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்த எட்டில் எத்தனை உண்மையில் கட்டாக்காலி? இரவு எட்டு மணிக்கு ஒருக்கால் வெளியே போய்ப் பாருங்கள், எது எந்த வீட்டுப் படலைக்குள் நுழைகிறது என்று.

செப்டெம்பர் 5

கேள்வி கேட்டவருக்கு மட்டும் வேலை கொடுத்துவிட்டு நான் சும்மா இருப்பது சரியில்லை என்று எங்கள் ஒழுங்கையில் நானும் எண்ணினேன். மூன்று இரவு. மொத்தம் பதினொரு நாய். ஆறுக்கு வீடு இருக்கிறது. சோறு வைக்கிறார்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், பகலில் படலையைத் திறந்து விட்டுவிடுகிறார்கள். இரண்டு, பூட்டிக் கிடக்கிற வீடுகளின் நாய். ஒரு வீட்டார் கனடா, மற்ற வீட்டார் கொழும்பு. மிச்சம் மூன்றுதான் ஒருவருக்கும் சொந்தமில்லாதவை. அதில் ஒன்று சந்தியில் இறைச்சிக் கடைக்குப் பின்னால் படுப்பது, மற்ற இரண்டும் அதன் குட்டிகளாக இருக்க வேண்டும், மூன்றுக்கும் அதே வெள்ளைப் பாதம்.

பதினொன்றில் மூன்று. நான் இவ்வளவு காலமும் மறுவளமாகத்தான் நினைத்திருந்தேன்.

செப்டெம்பர் 5, பிறகு எழுதியது

"வீட்டு நாய் கடிக்காது, கட்டாக்காலிதான் கடிக்கும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதற்குப் பதில் சொல்ல எனக்கு அனுபவம் இருக்கிறது. ஆறுதலாக எழுதுகிறேன்.

செப்டெம்பர் 9

போன வருசம் ஐப்பசியில் என் நாய் ஒரு பிள்ளையைக் கடித்தது.

நாயின் பெயர் பிறவுணி. வீட்டில் என் மகள் அதன் வாய்க்குள் கையை விட்டு எலும்பை எடுப்பாள், உறுமாது. அன்று மழை விட்டிருந்த நேரம், ஐந்தரை இருக்கும். நான் மோட்டார் சைக்கிளை உள்ளே ஏற்றிவிட்டுப் படலையைக் கொளுவவில்லை. ஒழுங்கையில் சைக்கிளில் ஒரு பெடியன் வந்தான், ஒன்பதாம் வகுப்பு. ஓடுகிற சில்லைக் கண்டால் இதற்கு விசர். குரைத்துக்கொண்டு ஓடிப் போய்க் கணுக்காலுக்கு மேலே கவ்விவிட்டது. பெடியன் விழவில்லை. ஒரு காலை வேலியில் ஊன்றிக்கொண்டு நின்றான். நீளக் காற்சட்டையில் இரண்டு சின்ன ஓட்டை. மடித்துப் பார்த்தால் இரண்டு பல் ஆழமாக இறங்கியிருந்தது.

பக்கத்து வீட்டு அம்மா சுண்ணாம்பு கொண்டு ஓடி வந்தா. விசகடி வைத்தியரிடம் காட்டலாம் என்றார் இன்னொருவர். நல்ல காலம், என் மனைவி விடவில்லை. கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பைப்பைத் திறந்து, உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரத்தால் கழுவினா. பதினைந்து நிமிடம். நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஓடுகிற தண்ணீருக்குள் ஒரு பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது பதினைந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவன் அழவில்லை. "அங்கிள், டியூசன் காசு பைக்குள்ள இருக்கு, நனையுது" என்றான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதல் கேட்ட கேள்வி: "நாய்க்கு ஊசி போட்ட காட் இருக்கா?"

இருந்தது. இரண்டு வருசம் முந்தியது. போன வருசம் போடவில்லை. முகாம் நடந்த நாள் நான் கொழும்பு போயிருந்தேன், அதோடு விட்டுவிட்டேன். நாய்க்கு ஒழுங்காக ஊசி போட்டதற்குச் சான்று இருந்தால் டாக்டர் அதையும் பார்த்து முடிவெடுப்பார். என் சோம்பலால் அந்தப் பிள்ளைக்கு ஊசி தொடங்க வேண்டி வந்தது. ஒவ்வொரு தவணைக்கும் நானே ஏற்றிக்கொண்டு போய்க் காட்டினேன். அவன் தாய் என்னோடு ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. மனுசி ஏசியிருந்தால் எனக்குப் பாரம் குறைந்திருக்கும்.

நாயைக் கட்டி வைத்து 10 நாள் பார்க்கச் சொன்னார்கள். விடிய எழும்பியதும் முதல் வேலை, அது தண்ணீர் குடிக்கிறதா என்று பார்ப்பது.

செப்டெம்பர் 10

நேற்று எழுதியதில் ஒரு பிழை. எங்களுக்குச் சொன்னது 10 அல்ல, 14 நாள். என் மனைவி வாசித்துவிட்டுத் திருத்தினா. உலக சுகாதார நிறுவனம் 10 நாள் என்கிறது, இலங்கையில் 14 நாள் பார்க்கச் சொல்வதுதான் வழக்கம். நாய் அந்த நாட்களுக்குள் செத்தாலோ காணாமல் போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு அறிவிக்க வேண்டும். "செத்துப்போச்சு, தாட்டுவிட்டோம்" என்று இருந்துவிடக் கூடாது. தலையைக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு ஐஸில் வைத்து அனுப்பிச் சோதிக்கலாம். இதைச் சொல்லவே கூசுகிறது. ஆனால் நோயின் குறி ஒருவருக்குத் தெரியத் தொடங்கிவிட்டால் அதற்குப் பிறகு காப்பாற்றுவது அநேகமாக நடவாத காரியம். கூச்சத்துக்கு இடம் இல்லை.

செப்டெம்பர் 14

பதிவு பற்றிப் பலர் கேட்கிறீர்கள். பெடியனுக்குக் கடி விழுந்த பிறகுதான் நானும் போனேன். அதற்கு முன் இருபது வருசம் நாய் வளர்த்தும் ஒரு நாள் பதிந்ததில்லை.

முதல் நாள் போனபோது, அந்தப் பொறுப்பில் இருக்கிறவர் லீவு. இரண்டாம் நாள் போனேன், புத்தகம் அலுமாரிக்குள் பூட்டியிருக்கிறது, திறப்பு அவரிடம். மூன்றாம் நாள் அவர் இருந்தார். புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினார். என் நாய்க்கு முந்திய பதிவைப் பார்த்தேன். மாதம் நினைவில்லை, ஆனால் அந்தப் பக்கத்தில் மொத்தம் நாலு பேர்தான். ஒரு முழுச் சபைப் பகுதிக்கு!

அந்த மனிதரில் பிழை சொல்ல மாட்டேன். மரியாதையாகத்தான் நடந்தார். "ஒருத்தரும் வாறேல்ல தம்பி, நாங்க எதுக்குத் திறந்து வைக்கிறது" என்றார். நாங்களோ, திறந்து வைப்பதில்லை, எதற்குப் போவது என்று இருக்கிறோம். இப்படியே நூறு வருசத்துச் சட்டம் தூசி பிடித்துக் கிடக்கிறது.

ஊசிக் காட்டைப் பார்த்தார், நிறம், வயது, ஆண் என்று எழுதினார், காசு வாங்கிப் பற்றுச்சீட்டுத் தந்தார். ஐந்து நிமிட வேலை.

செப்டெம்பர் 14, இரவு

முதல் குறிப்பை வாசித்துவிட்டு, ஊசியும் சபைதான் போட வேண்டும் என்று சிலர் விளங்கிக்கொண்டிருக்கிறார்கள். நான் பிரித்து எழுதாதது என் பிழை. பதிவு சபையின் வேலை. விசர்நாய்த் தடுப்பூசி சுகாதாரப் பகுதியின் வேலை. உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போங்கள், அல்லது பொதுச் சுகாதாரப் பரிசோதகரை, அதுதான் பி.எச்.ஐ.யை, கேளுங்கள். முகாம் எப்போது என்று அவருக்குத் தெரியும், அங்கே ஊசி இலவசம். மற்ற வருத்தம், கருத்தடை என்றால் அரச கால்நடை வைத்தியர் பணிமனை, இல்லாவிட்டால் தனியார் மிருக வைத்தியர். மூன்று கந்தோர், மூன்று வாசல். ஆள் ஒரு வாசலுக்குப் போய்த் திரும்பி வந்தால் மற்ற இரண்டுக்கும் போகமாட்டான். மூன்று பகுதியும் ஒரு நாளில் ஒரு இடத்தில் இருந்தால் ஊசியும் பதிவும் ஒன்றாக முடியும்.

செப்டெம்பர் 17

"முந்தி மாதிரிச் சுட்டுத் தள்ள வேண்டும்" என்று எழுதிய அண்ணைக்கு.

உங்கள் பேரப்பிள்ளை கடிபட்டதை வாசித்தேன். உங்கள் கோபத்தைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை, நானே கடிக்கிற நாயை வளர்த்தவன். ஆனால் கொல்வதால் நோய் குறைவதில்லை. ஒரு ஒழுங்கையை வெறுமையாக்கினால் குப்பையும் எச்சில் சோறும் அங்கேயே கிடக்கும், அதைத் தின்ன அடுத்த ஒழுங்கை நாய் வரும். அது ஊசி போடாத நாய். போட்ட நாய்களையும் சேர்த்துக் கொன்றுவிட்டால், இருந்த காவலும் போய்விடும். ஒரு ஊரில் 70 வீதமான நாய்களுக்கு ஊசி ஏறினால் நோய் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றுவது அறும் என்பது உலகம் முழுக்க ஏற்ற கணக்கு. எங்கள் ஒழுங்கைப் பதினொன்றில் எட்டு. வீட்டு நாய் ஆறும் பூட்டிய வீட்டு நாய் இரண்டும் சேர்ந்தாலே எட்டு! அந்த மூன்று கட்டாக்காலியைத் தொடாமலே கணக்கு முடிகிறது.

வாகனத்தில் ஏற்றிக் கல்லுண்டாய்க் குப்பை மேட்டுப் பக்கம் இறக்கிவிடலாம் என்றும் யோசனை சொல்லியிருக்கிறீர்கள். குப்பை மேட்டில் விட்டால் அவை பெருகும், பிறகு ஒரு கூட்டமாக வீதிக்கு வரும். மோட்டார் சைக்கிளில் இரவு வேலை முடித்து வருகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

செப்டெம்பர் 18

நேற்றைய குறிப்பை எழுதிவிட்டு நித்திரை வரவில்லை. பூட்டிய வீட்டு நாய்களைப் பற்றி நான் எழுதுவது சிலருக்குச் சுடுகிறது என்று தெரியும். வெளியில் இருந்து வாசிக்கிற ஒருவர், "நாங்கள் என்ன, விரும்பியா விட்டுவிட்டு வந்தோம்" என்று கேட்டிருக்கிறார்.

1995 ஒக்டோபர் 30. எனக்குப் பதினாலு வயது. யுத்தத்துக்குப் பயந்து யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்க இரவோடு இரவாக வெளிக்கிட்டது. எங்களிடம் வீமன் என்று ஒரு நாய். அப்பா சைக்கிளில் அரிசிப் பையைக் கட்டினார், தங்கச்சியைத் தூக்கி முன்னால் இருத்தினார், படலை வரைக்கும் போனவர் திரும்பி வந்தார். முருங்கை மரத்தடியில் கட்டியிருந்த சங்கிலியைக் கழற்றி விட்டார். இருந்த சோற்றை எல்லாம் கிடாரத்தோடு முற்றத்தில் வைத்தார். அது சாப்பிடவில்லை. செம்மணி வரைக்கும் பின்னால் வந்தது, சனத்துக்குள் எங்கே விட்டோம் என்று தெரியவில்லை. அடுத்த வருசம் நாங்கள் திரும்பி வந்தபோது சங்கிலி முருங்கையில் அப்படியே தொங்கியது. மரம் அதைச் சுற்றிக் கொஞ்சம் பருத்திருந்தது.

அன்றைக்கு வேறு வழி இல்லை. அதை எவரும் குற்றம் சொல்ல முடியாது. இன்றைக்குப் போகிறவருக்கு விசா வருவதற்கு மாதக்கணக்காகிறது, டிக்கெட் முன்கூட்டியே எடுக்கிறார், மாமரத்துக்குத் தண்ணீர் விட ஆள் ஏற்பாடு செய்கிறார், வீட்டுக்கு லைட் போட ஆள் வைக்கிறார். அந்தப் பட்டியலில் நாயையும் சேர்க்கச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

செப்டெம்பர் 23

இன்று காலை வைரவர் கோயில் வாசலில் ஒரு உரப்பை. வாய் கட்டியிருந்தது. உள்ளே ஐந்து குட்டி, ஐந்தும் பெட்டை. கண் திறந்து ஒரு கிழமை இருக்கும். ஐயர் விளக்கு வைக்க வந்தவர், பை அசைவதைக் கண்டு அவிழ்த்திருக்கிறார்.

நாயை வைரவரின் வாகனம் என்று கும்பிடுகிற ஊர் இது. குட்டியைக் கொண்டுவந்து கொட்டுவதும் அதே வாசலில். கடவுள் பார்த்துக்கொள்வார் என்று விட்டிருப்பார்கள். பையின் வாயை ஏன் கட்டினார்கள்?

கடுவன் குட்டி என்றால் யாராவது கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். பெட்டைக் குட்டிக்குத்தான் இந்த விதி. பெட்டை வருசத்தில் இரண்டு தரம் குட்டி போடலாம், சினை ஏறக்குறைய இரண்டு மாதம்தான். தாய் நாய்க்கு ஒரு கருத்தடை செய்திருந்தால் இந்தப் பையே இல்லை. "பாவம், அதுக்கு வயிறு வெட்டுறதா" என்று சொல்கிறவர்களை எனக்குத் தெரியும். நல்ல மனிதர்கள். ஒரு மத்தியானம் மயக்க ஊசியில் முடிகிற விசயம். இந்தப் பையைக் கண்ட பிறகு எது பாவம் என்று அவர்களிடம் கேட்கப் போகிறேன்.

இரண்டு குட்டிக்கு வீடு கிடைத்துவிட்டது. இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை நடத்துகிற நாய்கள் சரணாலயத்தைச் சிலர் சொன்னார்கள். அவர்கள் செய்வது பெரிய தொண்டு. ஆனால் வலிகாமத்து உரப்பை முழுவதையும் ஒரு சரணாலயம் தாங்குமா? அங்கே கொண்டுபோய் விடுவதும் படலையைத் திறந்து விடுவதும் ஒன்றாகிவிடக் கூடாது.

செப்டெம்பர் 24

மிச்சம் மூன்று குட்டியில் ஒன்று செத்துவிட்டது. இரண்டு எங்கள் விறாந்தையில், காட்போட் பெட்டிக்குள். பிறவுணி தூரத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறது.

செப்டெம்பர் 28

இன்று உலக விசர்நாய்க்கடி நோய் நாள். லூயி பாஸ்டர் இறந்த நாள், 1895. அதற்குப் பத்து வருசம் முன், 1885 ஜூலையில், கடிபட்ட ஒரு ஒன்பது வயதுப் பெடியனுக்குத்தான் அவர் முதன்முதல் இந்த ஊசியைப் போடுவித்தார். 1973இல் மட்டும் இலங்கையில் 377 பேர் இந்த நோயால் இறந்தார்கள். அதற்குப் பிறகு அந்தத் தொகை வெகுவாக இறங்கியது நாய்களுக்கு ஊசி போட்டதாலும் கடிபட்டவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனதாலும்தான். எங்களுடைய பி.எச்.ஐ. இன்று போன் எடுத்தார். அடுத்த ஞாயிறு சனசமூக நிலையத்தில் முகாம். நான் கேட்டபடி, பதிவுப் புத்தகத்தோடு சபையில் இருந்து ஒருவரும் வருவாராம்.

ஒக்டோபர் 1

"நாய் கவனம்" என்று போட் போட்டிருந்தால் கடிக்குப் பொறுப்பு இல்லைத்தானே என்று கேட்டவருக்கு: போட் உங்கள் மதிலுக்குள் வருகிறவருக்கு. ஒழுங்கையில் போகிறவர் உங்கள் போட்டை வாசிக்கத் தேவையில்லை. எங்கள் நாட்டுப் பொதுச் சட்டம் உரோம டச்சுச் சட்டத்தின் வழி வந்தது. வளர்ப்பு மிருகம் பிறருக்குச் செய்த சேதத்துக்கு உரிமையாளரிடம் நட்டஈடு கேட்டு வழக்குப் போட அதில் இடம் இருக்கிறது. அதனால்தான் கடி விழுந்ததும் "அது எங்கட நாய் இல்லை, சும்மா சோறு வைக்கிறனாங்கள்" என்ற பேச்சு வருகிறது. எங்கள் ஒழுங்கையிலும் கேட்டிருக்கிறேன். முதல் நாள் வரைக்கும் பெயர் சொல்லிக் கூப்பிட்ட நாய்!

ஒக்டோபர் 5, இரவு

முகாம் முடிந்தது. காலை எட்டரைக்குத் தொடங்கினார்கள், பன்னிரண்டரைக்கு மருந்துப் பெட்டியை மூடினார்கள். எங்கள் ஒழுங்கையின் ஆறு வீட்டு நாயும் வந்தன. ஒன்றைச் சைக்கிள் கரியரில் கூடைக்குள் வைத்துக் கொண்டுவந்தார்கள், ஒன்றை இரண்டு பெடியள் சாரத்தால் சுற்றித் தூக்கி வந்தார்கள். இறைச்சிக் கடை நாயைப் பிடிக்க முடியவில்லை. அதன் இரண்டு குட்டியையும் கடைக்காரரே மடியில் வைத்துக்கொண்டு வந்து நின்றார், நான் எதிர்பார்க்கவில்லை. கொழும்பு போனவர்களின் நாய் எங்கேயோ ஓடி ஒளித்துவிட்டது.

பிறவுணி கடித்த பெடியனும் வந்திருந்தான், இப்போது பத்தாம் வகுப்பு. அவனுடைய வேலை காட் எழுதுவது. எழுத்து நல்ல வடிவு.

சரி, ஒன்றை மட்டும் எழுதிவிட்டு நிறுத்துகிறேன். கனடா போன வீட்டின் நாய், ஜிம்மி. அதை முன்வீட்டு அம்மா, எழுபது தாண்டியவ, பழைய சேலைக் கிழியலைக் கழுத்தில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தா. ஊசி போட்டாயிற்று. பதிவு மேசையில் பெடியன் கேட்டான், "அம்மம்மா, உரிமையாளர் பெயர்?"

அவ கொஞ்ச நேரம் பேசாமல் நின்றா. "அவையளிட பேரைப் போட்டா, கடிச்சா ஆரைக் கேப்பியள்?" என்றா.

"கனடாவுக்கு எழுதுவம்" என்றார் சபையில் இருந்து வந்தவர்.

"அங்க எழுதி என்ன. என்ட பேரைப் போடு" என்று சொல்லிவிட்டு, பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னா. பற்றுச்சீட்டை நாலாய் மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்தா. போகும்போது என்னைக் கூப்பிட்டு, தன்னுடைய படலைக்குக் கொளுக்கி இல்லை, நாளைக்கு ஒன்று வாங்கி வந்து பூட்டித் தரச் சொன்னா.